பெரியவருக்கு மறுமொழி வரவில்லை

ஆள் உறுதிப்பாட்டுத் திணைக்களத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஆள் அல்ல. கொழும்பில் குளிரூட்டிய அறை ஒன்றுக்குள் அலுமாரிகள் போல வரிசையாக நிற்கும் பழைய, மிகப் பெரிய கணினி. ஆனால் அந்தத் திணைக்களத்தில் யாரும் அதை 'அது' என்று சொல்லித் தப்ப முடியாது. அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். திணைக்களத்தின் பெயரே பலமுறை மாறியது. பெரியவர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். அவருக்கு நிரல் எழுதியவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மீதிப்பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எவரும் மிஞ்சாதபடியால் அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

பெரியவர் பகலில் வேலை செய்யமாட்டார். நாடு முழுவதும் சேர்ந்த பெயர்களைப் பொழுதுபட ஒரே மூட்டையாகக் கட்டி உள்ளே கொடுக்க வேண்டும். அவர் ஒருவரோடும் கதைக்காமல், ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல், ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்ப்பார். விடியும்போது மூட்டை வெளியே வரும். அதன் அடியில் ஒரு பூச்சியம் இருக்கும். பூச்சியம் என்றால் பிழை ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் திணைக்களத்தில் இல்லை. பூச்சியத்தை மட்டும் பார்ப்பார்கள். பார்த்த பிறகு தேநீர் குடிப்பார்கள்.

இப்படி உலகத்தோடு ஒட்டாமல் இருந்தவரை வெளியாரோடு கதைக்க வைப்பது என்று ஒருநாள் மேலிடம் முடிவெடுத்தது. ஊரில் உள்ள கணினிகள் எல்லாம் இணையத்தில் ஒன்றையொன்று கேள்வி கேட்டு மறுமொழி வாங்கிக்கொண்டிருக்கையில், நமது பெரியவர் மட்டும் ஏன் வாய் திறக்காமல் இருக்க வேண்டும்? ஒவ்வொரு பெயருக்கும், வெளியே இருக்கும் பதிவுச் சேவையிடம் 'இவர் உயிரோடு இருக்கிறாரா?' என்று அவரே கேட்கட்டும். சேவை 'ஆம்' என்னும், அல்லது 'இல்லை' என்னும். யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. முல்லைத்தீவுக் கரையில் மரியமலர் என்று ஒருத்தி இருப்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மரியமலரின் வீடு சிலாவத்தையில். கணவன் ஸ்ரனிஸ்லஸ் கடற்றொழில். மகள் கம்சா தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். மரியமலரின் தாய்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டுக் கழுவிய சோற்றுக் கோப்பைகளை எல்லா வீடுகளிலும் நீர் வடியக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். ஆனால் கடலுக்குப் போனவனின் சோற்றுக் கோப்பையை மட்டும் கவிழ்க்கக் கூடாது. கோப்பை கவிழ்ந்தால் வள்ளமும் கவிழும் என்று பயம். ஆள் கரைக்கு வந்து, அந்தக் கோப்பையில் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் அதுவும் மற்றவற்றோடு குப்புறப் படுக்கும். ஸ்ரனிஸ்லஸின் கோப்பை இப்படி நாளுக்கொரு முறை நிமிர்ந்து, நாளுக்கொரு முறை கவிழ்ந்துகொண்டிருந்தது.

குசினியில் அதே பலகைத் தட்டில், ஓரத்தில் நீலக்கோடு போட்ட இன்னொரு கோப்பை எப்போதும் நிமிர்ந்தபடியே இருந்தது. அது மகன் நிக்சனுடையது. நிக்சன் கடலுக்குப் போகவில்லை. போர் முடிந்த நாட்களில், இராணுவம் நின்ற பக்கத்துக்குப் பாலத்தைக் கடந்த சனத்தோடு சனமாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இளந்தாரிப் பிள்ளைகளை மற்ற வரிசைக்கு வரச் சொன்னார்கள். "இந்தா வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். மரியமலர் அவனைக் கடலுக்குப் போனவர்களோடு சேர்த்துவிட்டாள். அந்தக் கோப்பைகூட மீளக் குடியேறியபோது நிவாரணச் சாமான்களோடு வந்தது. நிக்சன் அதில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

ஸ்ரனிஸ்லஸ் வேறுமாதிரி. ஒரு கார்த்திகையில், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்களின் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போகும்போது, "பிள்ளைக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவம், மலர்" என்றான். அதன் பிறகு மார்கழி நத்தார் வரையும் மரியமலர் அவனோடு கதைக்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவள் மகனைத் தேடி எத்தனை அரச கந்தோர்களின் படி ஏறினாள் என்பதற்குக் கணக்கில்லை. போன இடமெல்லாம் பெயரை எழுதினார்கள். போய்ட்டு வாங்கோ அம்மா, மறுமொழி வரும் என்றார்கள். ஆள் உறுதிப்பாட்டுத் திணைக்களத்திலும் அப்படித்தான் எழுதினார்கள்.

பெரியவர் வெளியாரோடு கதைக்கத் தொடங்கிய மறுநாட் காலை மரியமலரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. கம்சா அதை வாசித்தாள்.

"வாழ்த்துகள். தங்களால் விசாரிக்கப்பட்ட ஸ்ரனிஸ்லஸ் நிக்ச என்பவர் உயிருடன் இருப்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. எமது சேவை பற்றிய தங்கள் திருப்தியை ஒன்று முதல் ஐந்து வரை தெரிவிக்கவும்."

பெயரின் கடைசி எழுத்து இல்லாததற்குக் காரணம், பெரியவருக்குள் பெயர்களுக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். மரியமலருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மகளை மூன்றுதரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கம்சா ஐந்தை அழுத்தினாள். பத்து இருந்திருந்தால் பத்தையும் அழுத்தியிருப்பாள்.

அன்று வீட்டில் கணவாய்க் கறி, நிக்சனுக்குப் பிடித்தது. அக்கம்பக்கத்துச் சனம் வந்து நிறைந்தது. ஸ்ரனிஸ்லஸ் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து வாசற்படியில் இருந்தான். பிறகு, "நான் பிள்ளைக்குத் திரி கொளுத்தப் பாத்தனான், மலர்" என்று சொல்லி, சாரத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டான். அத்தனை வருசத்துக் கோபமும் அந்த இடத்தில் மரியமலருக்குப் போய்விட்டது.

பின்னேரம் சனம் கலைந்த பிறகு ஸ்ரனிஸ்லஸ்தான் கேட்டான்.

"எங்கை எண்டு போட்டிருக்கே?"

"போடேல்ல."

"அப்ப போய்க் கேட்டுக்கொண்டு வாவன். இருக்கிறான் எண்டு தெரிஞ்சவங்களுக்கு எங்கை எண்டு தெரியாமலே?"

மறுநாள் மாவட்டக் காரியாலயத்தில் உதவிப் பணிப்பாளர் குகதாசன் எழுந்து நின்று அவளை வரவேற்றார். எந்தக் கந்தோரிலும் யாரும் அவளுக்காக எழுந்து நின்றதில்லை. பெரியவரோடு பேசும் இணைப்புப் பெட்டி அவருடைய மேசைக்குப் பின்னால் மஞ்சள் துணி விரித்த முக்காலியில் இருந்தது. பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

"இருங்கோ அம்மா. சந்தோசமான அலுவல். சொல்லுங்கோ."

"பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டு அனுப்பியிருக்கிறியள் ஐயா. எங்கை எண்டு கேட்டுக்கொண்டு போக வந்தனான்."

குகதாசன் பொறுமையாகச் சிரித்தார். "எங்கை எண்டது எங்கட கேள்வி இல்லை அம்மா. பெரியவர் கேக்கிறது ஒரே ஒரு கேள்வி. இருக்கிறாரோ இல்லையோ. எங்கை, ஆர் கொண்டுபோனது, எப்ப வருவார், இதெல்லாம் வேற சேவை."

"அந்தச் சேவை எங்கை இருக்கு ஐயா?"

"அது இன்னும் இணைக்கப்படேல்ல."

மரியமலர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப நான் முந்தித் தந்த முறைப்பாடு?"

"அது முடிஞ்சுது. காணாமற் போனவர் எண்டுதானே தந்தனீங்கள்? இப்ப ஆள் இருக்கிறார். இருக்கிற ஆளைக் காணேல்ல எண்டு நாங்கள் எப்பிடி வைச்சிருக்கிறது?"

"நான் காணேல்லயே ஐயா."

"நீங்கள் காணாதது வேற, அம்மா. திணைக்களம் கண்டிட்டுது." அவர் குரலைத் தாழ்த்தி அன்போடு சொன்னார். "இன்னொண்டு. உயிரோட இருக்கிற, வயது வந்த ஆளைப்பற்றித் தாய்க்கெண்டாலும் நாங்கள் விபரம் சொல்லக் கூடாது. அது அவற்ற அந்தரங்கம். ஏதும் கேக்கிறதெண்டா அவரையே வந்து கேக்கச் சொல்லுங்கோ."

மரியமலர் 'ஓம் ஐயா' என்றாள். வீடு போகும் பேருந்தில் பாதித் தூரம் வந்த பிறகுதான், என்ன ஓம் என்று சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது.

அவளை அதோடு விடவில்லை. கிளிநொச்சியில் பெரியவரின் இணைப்பைச் சம்பிரதாயமாகத் தொடக்கிவைக்கும் விழா வந்தது. பெரியவர் கதைக்கத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் குத்துவிளக்கு ஏற்றாமல் தொடங்கிய எதையும் திணைக்களம் தொடங்கியதாகக் கொள்வதில்லை. இத்திட்டத்தால் முதன்முதல் பயன்பெற்ற தாய் என்று மரியமலரை வான் அனுப்பி ஏற்றினார்கள். மகனின் படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். மேடையில் முன்வரிசைக் கதிரை கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரவேற்பு நடனம் ஆடினார்கள். இணைப்புப் பெட்டியை முல்லைத்தீவிலிருந்து தனி வாகனத்தில் கொண்டுவந்து மாலை போட்டிருந்தார்கள். அதற்கும் ஒரு கதிரை இருந்தது.

பணிப்பாளர் நாயகம் செல்வநாயகம் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அவர் பேசினார்.

"இந்த நாட்டிலே ஒரு கேள்விக்கு மறுமொழி பெற மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த இருண்ட காலம் முடிந்துவிட்டது. எங்கள் பெரியவர் காத்திருப்பதில்லை. கேட்பார். கண்ணிமைக்கும் நேரம் பார்ப்பார். மறுமொழி வந்தாலும் வேலை முடியும், வராவிட்டாலும் வேலை முடியும். மறுமொழி இல்லை என்பதற்காக எங்கள் பணி ஒருநாளும் தடைப்பட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

சபை கைதட்டியது. அவர் கையை உயர்த்தினார்.

"கிளிநொச்சி பூச்சியத்தை அடைந்துவிட்டது. முல்லைத்தீவு பூச்சியத்தை அடைந்துவிட்டது. வவுனியாவும் விரைவில் பூச்சியத்தை அடையும்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அதன்பின் மரியமலருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வசனம் போதும், நன்றி என்று முடியுங்கோ என்று குகதாசன் வானிலேயே சொல்லித் தந்திருந்தார். அவள் நன்றி சொன்னாள். திணைக்களத்துக்கும் பெரியவருக்கும் பெட்டிக்கும் சொன்னாள். மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"பிள்ளை எங்கை எண்டும் ஒருக்காக் கேட்டுச் சொன்னியளெண்டா நல்லது" என்றாள்.

பணிப்பாளர் நாயகம் ஒலிவாங்கியை மென்மையாக வாங்கினார். "மிகச் சிறந்த கேள்வி. மக்களிடமிருந்து இப்படியான கேள்விகளைத்தான் எதிர்பார்க்கிறோம். இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரம் மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தின் கீழ் அவள் தனியாக இருந்தாள். சோற்றுப் பார்சல் பிரிக்காமல் மடியில் கிடந்தது. ஒரு பெண்பிள்ளை வந்து பக்கத்தில் இருந்தாள். கழுத்தில் திணைக்களத்தின் அட்டை.

"அம்மா, நான் யதுர்ஷிகா. வவுனியாவில நெளுக்குளம். பெரியவர் வெளியில கேக்கிற அந்த இணைப்பை எழுதினது நான்தான்."

"நல்லாயிருப்பாய் பிள்ளை."

யதுர்ஷிகாவின் முகம் கோணியது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா. உங்களுக்கு வந்த செய்தி..." அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நிக்சன் இருக்கிறாரோ எண்டு பெரியவர் கேட்டவர். அங்காலயிருந்து மறுமொழி வரேல்ல."

"இல்லை எண்டு வந்ததோ?"

"இல்லை எண்டும் வரேல்ல, ஓம் எண்டும் வரேல்ல. ஒண்டுமே வரேல்ல. அப்பிடி ஒரு பெயருக்கு என்ன செய்யிறது எண்டு மேல கேட்டனான். வேலை நிக்கக் கூடாது, பழைய பதிவில இருக்கிறதையே திருப்பி எழுதிப்போட்டுப் போ எண்டு சொல்லிச்சினம். பழைய பதிவில அவர் உயிரோட இருக்கிறார். அடையாள அட்டை எடுத்த நாளில பதிஞ்சது."

மரியமலர் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினாள். மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். கணவாய்க் கறி நினைவுக்கு வந்தது. வாசற்படியில் முகத்தை மூடிக்கொண்டிருந்த கணவனும் நினைவுக்கு வந்தான்.

பிறகு அவள் கேட்ட கேள்வியை யதுர்ஷிகா எதிர்பார்க்கவில்லை.

"ஒருக்காத்தான் கேட்டதோ?"

"என்னம்மா?"

"பெரியவர். ஒருக்காக் கேட்டுப்போட்டு விட்டிட்டாரோ?"

"இல்லை அம்மா. மறுமொழி வராத பெயர் எல்லாத்தையும் அடுத்த நாள் மூட்டையில திருப்பிப் போடுற மாதிரி எழுதியிருக்கிறன். ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டாப் பிறகு கேக்கும். வருமட்டும் கேக்கும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

மரியமலர் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். படியேறிய கந்தோர் எல்லாவற்றிலும் பெயரை எழுதினார்கள், மூடி வைத்தார்கள். இரண்டாந்தரம் கேட்டவர் என்று ஒருவருமில்லை. இப்போது எங்கோ கொழும்பில், குளிர் அறைக்குள், அவள் கேட்கும் அதே கேள்வியை ஒன்று நாள்தோறும் கேட்கிறது. அதற்கும் மறுமொழி வரவில்லை. அது மறுநாளும் கேட்கிறது. அவளுக்கு அந்தப் பெரியவர்மேல் முதல்முறையாகப் பாசம் வந்தது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் உள்ளதைச் சொன்னாள். ஸ்ரனிஸ்லஸ் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்" என்றான். தெரியாது, ஆனால் அப்படிச் சொன்னான். அன்றைக்குப் பிறகு அவன் முன்னையைவிடக் குறைவாகக் கதைத்தான். மரியமலரோ பொழுதுபடும் வேளையில் விளக்கைக் கொளுத்திவிட்டு, "இப்ப கேக்கத் தொடங்கியிருக்கும்" என்பாள். செபமாலை சொல்லி முடிக்கையில் பெரியவருக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சொல்வாள்.

திணைக்களத்தில் இதற்கிடையே பெரிய இடர் ஒன்று நேர்ந்தது. மறுமொழி வராத பெயர்கள் நாள்தோறும் திரும்பி வந்ததால் மூட்டை கனத்தது. வன்னியில் அப்படியான பெயர்கள் கொஞ்சமல்ல. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் கேட்டு, கண்ணிமைக்கும் நேரம் பார்த்து, அடுத்ததுக்குப் போவதற்குள் விடிந்துவிட்டது. பூச்சியம் தேநீர் வேளைக்கு முன் வராமல், தேநீர் வேளைக்குப் பின் வந்தது. அதிகாரிகள் இரண்டு கிழமை ஆறிய தேநீர் குடித்தார்கள். உடனே ஒரு குழு அமைந்தது. ஏன் இத்தனை பெயர்களுக்கு மறுமொழி வரவில்லை என்று குழுவில் யாரோ கேட்டதாகவும், அது குழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று குறித்துக்கொண்டதாகவும் கேள்வி. முடிவு ஏகமனதாக எடுக்கப்பட்டது: மறுமொழி வராத கேள்விகளை இனிக் கேட்பதில்லை.

மரியமலருக்கு இரண்டாவது செய்தி வந்தது. "தங்கள் விடயம் வெற்றிகரமாக நிறைவுற்றது."

இந்தமுறை குகதாசன் எழுந்து நிற்கவில்லை. ஆனால் தேநீர் வரவழைத்தார். சூடாக இருந்தது.

"இருக்கிறான் எண்டு நீங்கள் எழுத வேண்டாம் ஐயா" என்றாள் மரியமலர். "எங்கை எண்டும் நான் இனி வந்து கேக்கமாட்டன். பெரியவர் மட்டும் கேட்டுக்கொண்டு இருக்கட்டும். அதை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

"அம்மா, வராது எண்டு தெரிஞ்ச மறுமொழிக்கு ஒவ்வொரு நாளும் கேள்வி கேக்கிறது எவ்வளவு பெரிய சுமை தெரியுமே?"

"நான் கேக்கிறன்தானே ஐயா."

"நீங்கள் மனிசர்" என்றார் குகதாசன், உண்மையான வருத்தத்தோடு. "பெரியவரை அப்பிடி வருத்தேலுமே?"

யதுர்ஷிகா எங்கே என்று அவள் கேட்டாள். அந்தப் பிள்ளை வேறு பகுதிக்கு மாற்றப்பட்டுவிட்டாளாம். பெட்டியின் பொட்டு மட்டும் புதிதாக இருந்தது. மரியமலர் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. கம்சா கடையிலிருந்து இன்னும் வரவில்லை, ஸ்ரனிஸ்லஸின் வள்ளம் இன்னும் கரை சேரவில்லை. மரியமலர் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினாள். களைப்பாக இருந்தது. இத்தனை வருசமும் வராத களைப்பு. கழுவிய கோப்பைகளைக் கவிழ்த்தாள். கடைசியாக நீலக்கோட்டுக் கோப்பையை எடுத்தாள், அதில் ஒட்டாத சோற்றைக் கழுவினாள், கவிழ்த்தாள். ஸ்ரனிஸ்லஸின் கோப்பை மட்டும் நிமிர்ந்து நின்றது.

பொழுதுபட ஸ்ரனிஸ்லஸ் வந்தான். அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலத் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்க்கப் போனவன், தட்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"ஆர் இதைக் கவிட்டது?"

"நான்தான்." அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "பெரியவரும் நிப்பாட்டிப்போட்டார். இனிக் கேக்கிறதுக்கு ஒருத்தருமில்லை."

ஸ்ரனிஸ்லஸ் நீலக்கோட்டுக் கோப்பையை எடுத்தான். சாரத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தான். ஓரத்தைச் சுற்றி விரலால் ஒருமுறை தடவி, தட்டில் நிமிர்த்தி வைத்தான்.

"பெரியவருக்கு என்ன, கொழும்பில குளிருக்குள்ள இருக்கிறவர். கரைக்கு வராதவன்ர கோப்பையை ஆரும் கவிழ்ப்பினமே?"

பிறகு, சேமக்காலையில் திரி கொளுத்தக் கேட்ட அந்த மனிதன், அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பெரியவர் வேலை தொடங்கும் நேரம் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழிலுக்குப் போய்த் திரும்பிய எந்தத் தகப்பனும் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டான்.

"பெடியன் வந்திட்டானோ?"

மரியமலர் அவனைப் பார்த்தாள். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகவே அவளுக்குத் தேவைப்பட்டது. அவன் காத்திருந்தான்.

"இன்னும் இல்லை" என்றாள்.